காளான் சூப் சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

காளான் சூப்பில் வரும் கோளாறுகள் புதிது புதிதாக வருவதில்லை. திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். நான் செய்யும்போது வந்ததும், தெரிந்தவர்கள் அடுப்படியிலிருந்தே "இப்படி ஆகிவிட்டதே, என்ன செய்ய?" என்று கேட்டதும் எல்லாம் இவற்றுக்குள்தான் அடங்கும். உங்கள் பாத்திரத்தில் இப்போது என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் கைச்செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததைப் பாருங்கள்.

நான் சொல்லும் அளவுகள் நான்கு பேருக்கானவை: பட்டன் காளான் 300 கிராம், ஒரு வெங்காயம், பூண்டு மூன்று பல், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மைதா 2 மேசைக்கரண்டி, காய்கறி வேகவைத்த நீர் 500 மில்லி, பால் 250 மில்லி, உப்பு, மிளகு. உங்கள் அளவு வேறாக இருந்தால் அதே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

## சூப் தண்ணியாக இருக்கிறது

எல்லாரையும் படுத்துவது இதுதான். உடனே மாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். அவசரத்தில் ஊற்றிய மாவுதான் அப்புறம் கட்டியாகவும், பச்சை வாசனையாகவும், கொழகொழப்பாகவும் திரும்பி வருகிறது.

முதலில் ஒரு சோதனை. கரண்டியைச் சூப்பில் முக்கி எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு அப்படியே நின்றால் பதம் சரி, ஆறும்போது இன்னும் கொஞ்சம் கெட்டியாகும். கோடு உடனே மூடிக்கொண்டால் கீழே உள்ள காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

### இன்னும் கொதி வரவில்லையா?

மைதா சேர்த்த சூப் ஒரு முறையாவது நன்றாகக் கொதித்தால்தான் கெட்டியாகும். ஆவி பறப்பதைக் கொதி என்று நினைத்து இறக்கிவிடுவது உண்டு. நடுவில் குமிழி வெடித்து வர வேண்டும். அப்படிக் கொதித்த பின் சிறு தீயில் ஐந்து நிமிடம் விட்டு, மறுபடியும் கோடு போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். பால் ஊற்றியாகிவிட்டது என்றால் தீயைக் கூட்டாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வரும் அளவில் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள்.

### காளானின் தண்ணீர் வற்றும் முன்பே நீர் ஊற்றிவிட்டீர்களா?

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 300 கிராம் காளான் என்றால் அதில் ஏறக்குறைய 270 கிராம் தண்ணீர்தான். அது வெளியே வந்து வற்றும் வரை காத்திருக்காவிட்டால், நீங்கள் அளந்து ஊற்றிய 500 மில்லிக்கு மேல் இன்னொரு டம்ளர் தண்ணீரைக் கணக்கில்லாமல் சேர்த்த மாதிரிதான். சூப் நீர்த்துப்போவதோடு மணமும் போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வதக்கியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். காளான் போட்டதும் சட்டியில் "ஸ்ஸ்" என்று சத்தம் வந்து, அடங்கி, அடியில் நீர் தேங்கி, பிறகு நீர் வற்றி மறுபடியும் சத்தம் வந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது சத்தம்தான் முக்கியம். அது வரும் முன்பே மாவோ நீரோ போட்டிருந்தால் காரணம் இதுதான்.

இப்போதைக்கு: பால் இன்னும் சேர்க்கவில்லை என்றால் மூடியைத் திறந்து வைத்து, நடுத்தர தீயில் கால் பங்கு குறையும் வரை கொதிக்கவிடுங்கள். காளான் குழைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். காய்கறிகளைப் போல அது அதிக நேரம் வெந்தால் கூழாகாது, அரை மணி நேரம் கொதித்தாலும் கடிக்க ஏதாவது இருக்கும்.

அடுத்த முறைக்கு:

- காளானைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். ஓடும் நீரில் சட்டென்று அலசித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கழுவவே கூடாது என்று சிலர் சொல்வதை நான் பின்பற்றுவதில்லை. அலசும்போது அது உறிஞ்சும் நீர் மிகக் குறைவு, மண் போவதுதான் முக்கியம்.
- அகலமான சட்டியில் இரண்டு தடவையாகப் பிரித்து வதக்குங்கள். குவித்துப் போட்டால் வதங்காது, தன் ஆவியிலேயே வேகும்.
- உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் சட்டி சூடாகும் முன் நீர் இறங்கிவிடும்.
- காளான் பாதியளவாகச் சுருங்கி, ஓரங்கள் பொன்னிறமாகும் வரை சுருள வதக்குங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தைத் தயவுசெய்து கொடுங்கள். இந்தச் சூப்பின் மணம் முழுக்க அங்கேதான் உண்டாகிறது.

### மாவு போதவில்லையா?

நீரும் பாலும் சேர்த்து ஒரு கப்புக்கு, அதாவது 250 மில்லிக்கு, அரை மேசைக்கரண்டி மைதாவுக்குக் குறைவாக இருந்தால் இளஞ்சூப்பாகத்தான் வரும். கூட்ட வேண்டுமென்றால் உலர்ந்த மாவைத் தூவாதீர்கள். மென்மையான வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, மைதா ஒரு மேசைக்கரண்டி இரண்டையும் விரலால் பிசைந்து, பட்டாணி அளவு உருண்டைகளாகக் கொதிக்கும் சூப்பில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். கட்டி தட்டாது. பிறகு ஐந்து நிமிடம் சிறு தீ.

மாவு வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வெந்த காளானில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து விழுதாக அரைத்துத் திரும்பச் சேருங்கள். கெட்டியும் கூடும், மணமும் கூடும். நான் மாவு போட்டாலும் இதையும் செய்வேன்.

### முதலில் கெட்டியாக இருந்து பிறகு நீர்த்துவிட்டதா?

கார்ன்ஃப்ளார் போட்ட சூப்பில் இது நடக்கும். கெட்டியான பிறகும் நெடுநேரம் கொதிக்கவிட்டாலோ, வேகமாக அடித்துக் கலக்கினாலோ, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொதிக்கவிட்டாலோ கெட்டித்தன்மை உடைந்துவிடும். கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். வாயில் வைத்த கரண்டியை மறுபடியும் பாத்திரத்தில் விடும் பழக்கம் இருந்தால் அதுவும் காரணமாகலாம். எச்சில் மாவுச்சத்தை உடைக்கும். ருசி பார்க்கத் தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

### இவை எதுவும் இல்லையென்றால்

சட்டியைப் பாருங்கள். குறுகலான, மெல்லிய பாத்திரத்தில் காளானின் நீர் வற்றவே வற்றாது, வற்றும்போது அடிப்பிடிக்கும். அடி கனமான, அகலமான ஒரு சட்டிதான் இந்தச் சமையலுக்குச் செய்ய வேண்டிய ஒரே செலவு. மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே அதை வாங்குங்கள்.

## பால் திரிந்து, பொடிப்பொடியாக மிதக்கிறது

அடுப்பை அணைத்துவிட்டு, மீதமிருக்கும் பாலை முகர்ந்து பாருங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

### பாலில் புளித்த வாடை வருகிறது

பாலே கெட்டிருக்கிறது. சூப்பைக் காப்பாற்ற முயல வேண்டாம், கொட்டிவிடுங்கள். இனி சேர்க்கும் முன் பாலைத் தனியே ஒரு கொதி விட்டுப் பார்த்தால் சூப் தப்பும்.

### பால் நன்றாக இருக்கிறது, சூப் மட்டும் திரிந்தது

இது சாப்பிட ஆபத்தானதல்ல, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். சூடு சற்றே தணிந்ததும் மிக்ஸியில் அடித்து, மெல்லிய வடிகட்டியில் வடித்து, இரண்டு கரண்டி கிரீம் கலந்தால் ஏறக்குறைய பழைய நிலைக்கு வரும். அரைத்த சூப்பாகத்தான் கிடைக்கும், துண்டு காளான் வேண்டுமென்றால் அடிக்கும் முன் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் திரிந்தது என்பதை இந்த வரிசையில் தேடுங்கள்.

பால் ஊற்றியபின் கொதிக்கவிட்டீர்களா? பெரும்பாலும் இதுதான். பால் சேர்ந்த பிறகு ஆவி வர வேண்டும், தளதளக்கக் கூடாது.

குளிர்ந்த பாலைக் கொதிக்கும் சூப்பில் ஒரேயடியாக ஊற்றினீர்களா? பாலை வெதுவெதுப்பாக்கி, அதில் ஒரு கரண்டி சூப்பை விட்டுக் கலந்து, அந்தக் கலவையைச் சூப்பில் ஊற்றுங்கள்.

புளிப்பு ஏதாவது சேர்ந்ததா? எலுமிச்சை, வைன், தயிர், தக்காளி எல்லாம் இதில் அடங்கும். எலுமிச்சைச் சாற்றைக் கிண்ணத்தில் பரிமாறிய பிறகு சில துளிகள் விட்டால் போதும். வைன் சேர்ப்பவர்கள் அதைக் காளானோடு சேர்த்து முழுக்க வற்றவிட்ட பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

மாவைத் தவிர்த்தீர்களா? மாவு சேர்ந்த சூப்பில் பால் எளிதில் திரியாது. மாவு இல்லாத சூப்பில் பாலுக்குப் பாதுகாப்பு கிடையாது, சூட்டில் கூடுதல் கவனம் தேவை.

கொழுப்பு நீக்கிய பாலா, பாதாம் பாலா, சோயா பாலா? இவை கொதியைத் தாங்காது. இவற்றை அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். இதே கோளாறு விடாமல் வந்தால் செலவுள்ள வழி ஒன்று இருக்கிறது. பாலுக்குப் பதில் 35 சதவீதம் அல்லது அதற்கு மேல் கொழுப்புள்ள கிரீம் 100 மில்லி. அது கொதித்தாலும் பெரும்பாலும் திரிவதில்லை. 20, 25 சதவீதக் கிரீமுக்கு அந்தத் தெம்பு இல்லை, பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

## காளான் வாசனையே இல்லை, சப்பென்று இருக்கிறது

முதலில் உப்பு. ஒரு கரண்டி சூப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஒரு சிட்டிகை உப்பு போட்டுச் சுவையுங்கள். சட்டென்று காளான் சுவை எழுந்தால் குறை உப்பில்தான்.

எழவில்லை என்றால் அதே கரண்டி சூப்பில் இரண்டு துளி எலுமிச்சைச் சாறு. அதற்கும் எழவில்லை என்றால் சோயா சாஸ், பாத்திரம் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

இதற்கும் அசையவில்லை என்றால் காளான் சரியாக வதங்கவில்லை. "சூப் தண்ணியாக இருக்கிறது" என்ற தலைப்பில் சொன்ன இரண்டாவது சத்தம் வரவில்லை என்று பொருள். கையில் இன்னும் நூறு கிராம் காளான் இருந்தால் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, சூப்பில் சேருங்கள். வேறெந்தப் பொடியும் இதற்கு ஈடாகாது.

காளான் இல்லை, செலவு பரவாயில்லை என்பவர்களுக்கு உலர்ந்த காளான். ஷிட்டாக்கேயோ போர்ச்சினியோ பத்து கிராமை ஒரு கப் வெந்நீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, காளானை நறுக்கிச் சேருங்கள். ஊறிய நீர்தான் பொன்னானது, கொட்டிவிடாதீர்கள். ஆனால் அடியில் மண் தங்கியிருக்கும், கடைசி இரண்டு கரண்டியை விட்டுவிட்டு மேலாக மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள்.

## கசக்கிறது

மூக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

### தீய்ந்த வாசனை வருகிறது

அடிப்பிடித்திருக்கிறது. கரண்டியால் அடியைச் சுரண்டக் கூடாது, கிளறவும் கூடாது. மேலே உள்ளதை மட்டும் மெல்ல வேறு பாத்திரத்துக்குச் சரித்துவிட்டு ருசி பாருங்கள். நன்றாக இருந்தால் தொடரலாம். அதிலும் தீய்ந்த ருசி ஏறியிருந்தால் எதைச் சேர்த்தாலும் போகாது.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அடிப்பிடித்தால் அடுப்பைப் பாருங்கள். கேஸ் அடுப்பில் சுடர் நீலமாகவும் சீராகவும் இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி ஏறினால், அடுப்பை அணைத்து ஆறவிட்டு பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டு மாட்டிப் பாருங்கள். அப்புறமும் மஞ்சள் சுடர் போகவில்லை என்றால் அடுப்புப் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். குழாயையோ ரெகுலேட்டரையோ நீங்களாகத் திருக வேண்டாம்.

### தீய்ந்த வாசனை இல்லை, கசப்பு மட்டும்

பெரும்பாலும் பூண்டு கருகியிருக்கும். பூண்டைக் காளானுக்கு முன்னால் போட்டு, காளான் வதங்கும் பதினைந்து நிமிடமும் சட்டியில் விட்டிருப்பீர்கள். காளான் வதங்கிய பிறகு போட்டு, முப்பது நொடி வாசனை வரும் வரை வதக்கினால் போதும். இல்லையென்றால் மிளகையோ உலர்ந்த தைம், ரோஸ்மேரி போன்ற இலைகளையோ அளவுக்கு மேல் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டிருக்கலாம். லேசான கசப்பைக் கொஞ்சம் கிரீமும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் மூடிவிடும்.

## சாம்பல் நிறமாக, அழுக்காகத் தெரிகிறது

ருசி நன்றாக இருந்தால் பயமில்லை. குடை விரிந்து முற்றிய காளானின் அடியில் கறுத்த மடிப்புகள் இருக்கும், அவை சாயம் விடும். போர்ட்டபெல்லோ என்ற பெரிய பழுப்புக் காளானில் இது நிச்சயம். சின்னக் கரண்டியால் அந்த மடிப்புகளைச் சுரண்டிவிட்டு நறுக்கினால் சூப் வெளுப்பாக வரும். நறுக்கி நெடுநேரம் வைத்த காளானும் கறுக்கும். இரும்புச் சட்டியும் சில சமயம் நிறம் மாற்றும், எவர்சில்வரிலோ எனாமலிலோ செய்து பாருங்கள்.

கறுப்போடு வழுவழுப்பும் அழுகல் வாடையும் காளானிலேயே இருந்ததா? அப்படியானால் நிறத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அந்தச் சூப்பைக் குடிக்காதீர்கள்.

## வாயில் கட்டி, அல்லது நறநற

மென்மையான உருண்டைகளாக இருந்தால் மாவுக் கட்டி. வடிகட்டியில் ஊற்றி, கட்டிகளைக் கரண்டியால் தேய்த்து இறக்குங்கள். அடுத்த முறை வெண்ணெயில் மாவை இரண்டு நிமிடம் வறுத்து, நீரை முதலில் கால் கப் மட்டும் விட்டு விழுதாகக் கலக்கி, பிறகு மீதியை விடுங்கள்.

மாவு நாக்கில் படிந்து பச்சை வாசனை அடித்தால் கொதித்தது போதாது. இன்னும் எட்டு முதல் பத்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள்.

பல்லில் நறநறத்தால் மண். சூப்பைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் இரண்டு விரற்கடை விட்டு மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

அரைத்த பிறகு கறுப்புத் துகளோ எண்ணெய்ப் பிசுக்கோ தெரிந்தால் மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துப் பாருங்கள். பிளேடின் அச்சில் இருக்கும் வாஷர் தேய்ந்து கசிகிறது. சூப்பைக் கொட்டிவிட்டு ஜாரைப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், வாஷர் மாற்றும் வரை அதில் எதையும் அரைக்காதீர்கள். மோட்டாரில் கருகல் வாசனை வந்தாலும் அப்படியே.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சூடான சூப்பை ஜார் நிறைய ஊற்றி இறுக்கி மூடி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், கை முகமெல்லாம் வெந்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, மூடியின் நடுத் துளையைத் திறந்து, மேலே மடித்த துணியை வைத்துப் பிடித்து, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

## பசை மாதிரி கொழகொழவென்று இருக்கிறது

சூடான நீரோ பாலோ அரைக் கரண்டியாக விட்டுத் தளர்த்துங்கள், அவ்வளவுதான். உருளைக்கிழங்கு சேர்த்து மிக்ஸியில் வெகுநேரம் அடித்தால் வரும் கொழகொழப்பு மட்டும் தளர்த்தினாலும் முழுதாகப் போகாது. உருளைக்கிழங்கை மசித்துச் சேர்க்க வேண்டும், அடிக்கக் கூடாது.

## உப்பு கூடிவிட்டது

உருளைக்கிழங்குத் துண்டு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது கொஞ்சம் சூப்பைக் குடிக்கும், மீதியின் உப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத நீர், பால், கிரீம் இவற்றால் அளவைக் கூட்டுவதுதான் வழி. நீரில் கரைக்கும் ஸ்டாக் கியூப் (கடையில் விற்கும் சாறுக் கட்டி) போட்டிருந்தால் அதிலேயே உப்பு நிறைய இருக்கும், மற்ற உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே போடுங்கள்.

## மறுநாள் பிரிந்து, திப்பி திப்பியாக இருக்கிறது

ஃபிரிட்ஜில் கெட்டியானது என்றால் சிறு தீயில் கொஞ்சம் பால் விட்டுக் கலக்கினால் சரியாகும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பாலும் கிரீமும் பிரிந்துதான் நிற்கும். உறைய வைப்பதாக இருந்தால் பால் சேர்க்கும் முன்பே எடுத்து வைத்து, சூடாக்கும்போது பால் சேருங்கள்.

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போன சூப் மூன்று நாள் தாங்கும். ஆறவைக்க அகலப் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். இரவு முழுக்க அடுப்பின் மேலேயே இருந்ததை மறுநாள் கொதிக்கவைத்தும் குடிக்க வேண்டாம்.

## சூப் நன்றாக இருந்தது, ஆனால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை

இங்கே சமையல் குறிப்பு எதுவும் உதவாது.

குடித்த சற்று நேரத்தில் உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தொண்டை அடைத்தாலோ அது ஒவ்வாமை. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஓரிரு நாளில் முதுகிலும் வயிற்றிலும் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த, அரிக்கும் கோடுகள் வந்தால், வேகாத ஷிட்டாக்கே காளான் சேர்த்தீர்களா என்று யோசியுங்கள். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஷிட்டாக்கேயை எப்போதும் முழுக்க வேகவையுங்கள்.

காட்டிலோ தோட்டத்திலோ பறித்த காளானாக இருந்தால் சின்ன வயிற்றுவலியைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள். உயிரைப் பறிக்கும் காளான்களில் முதன்மையானது அமானிட்டா ஃபாலாய்டிஸ். அதன் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது, சூப்பின் ருசியிலும் தெரியாது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு குணமாகிவிட்டது போல ஒரு இடைவெளி வரும். அந்த நேரத்திலும் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக் காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும் என்ற சோதனைகள் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இன்ன காளான் என்று நிபுணர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லாத எதையும் சட்டியில் போடாதீர்கள்.

போட்டுக் குடித்தும் ஆகிவிட்டது என்றால் அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். மீதமுள்ள காளான், குப்பையில் போட்ட காம்புகள், பாத்திரத்தில் மிஞ்சிய சூப் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், யார் யார் குடித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே சூப்பைக் குடித்த எல்லாரும், இப்போது நன்றாக இருப்பவர்களும் சேர்த்து, கூடவே போக வேண்டும்.